யூரோ சம்பளம் சரி, டாக்டர் கிடைப்பாரா?

ஜெர்மனி, நெதர்லாந்து, பின்லாந்து, போலந்து, அயர்லாந்து. இந்த ஐந்தில் இரண்டு நாடுகளிலிருந்து ஒரே நேரத்தில் வேலை வாய்ப்பு வந்து, எதைப் பிடிப்பது என்று யோசிக்கும் ஐ.டி. ஆட்களும் செவிலியர்களும் இப்போது நிறையப் பேர். அவர்கள் போடும் எக்செல் தாளில் சம்பளம், வரி, வாடகை, பிள்ளைகளின் பள்ளி, நிரந்தர வசிப்புரிமைக்கு எத்தனை ஆண்டு என்று எல்லாமே இருக்கும். மருத்துவம் என்ற கட்டத்தில் மட்டும் எல்லா நாட்டுக்கும் ‘இன்சூரன்ஸ் உண்டு’ என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள் இருக்கும் வித்தியாசம், சில குடும்பங்களுக்குச் சம்பள வித்தியாசத்தைவிடப் பெரியது.

இதை ஒப்பிட ஓர் அளவுகோல் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட், உறுப்பு நாடுகள் ஆண்டுதோறும் எடுக்கும் வருமானம், வாழ்க்கை நிலை பற்றிய கணக்கெடுப்பிலிருந்து ஓர் எண்ணை வெளியிடுகிறது. 16 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: கடந்த 12 மாதங்களில் பரிசோதனையோ சிகிச்சையோ உண்மையிலேயே தேவைப்பட்டும் பெறாமல் போன சமயம் உண்டா? உண்டென்றால் முக்கியக் காரணம் என்ன? செலவு, காத்திருப்போர் பட்டியல், தூரம், வேலையிலிருந்து வர முடியாதது, பயம், தானாகச் சரியாகிவிடும் என்று விட்டது என்று காரணங்கள் நீளும். தலைப்பு எண்ணாக வெளிவரும் சதவீதத்தில் முதல் மூன்று காரணங்களால் சிகிச்சை பெறாமல் போனவர்கள் மட்டுமே சேருவார்கள். பயத்துக்கும் சோம்பலுக்கும் அரசாங்கம் பொறுப்பாக முடியாது, அது நியாயம்தான்.

பத்தாண்டுப் போக்கைப் பார்த்தால் கதை இரண்டு பாதியாகப் பிரிகிறது. 2014 வாக்கில் ஒன்றியச் சராசரி நான்கு சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2008க்குப் பின் வந்த பொருளாதார நெருக்கடியில் பல அரசுகள் மருத்துவச் செலவை வெட்டியதன் வடு அது. பிறகு இத்தாலி, லாட்வியா, போலந்து போன்ற நாடுகளில் கணக்கு வேகமாக இறங்க, 2019இல் சராசரி 1.7 சதவீதத்துக்கு வந்தது. அதோடு நிற்கவில்லை, மறுபடி ஏறத் தொடங்கியது. 2023இல் 2.4. இந்த இரண்டாவது ஏற்றத்தின் தன்மை வேறு. முதல் பாதியில் ஆட்களைத் தடுத்தது பெரும்பாலும் பணம். இப்போது வரிசை. டாக்டர்களுக்கு வயதாகிறது, நோயாளிகளுக்கும் வயதாகிறது, கோவிட் காலத்தில் தள்ளிப்போட்ட சிகிச்சைகள் இன்னும் தீர்ந்தபாடில்லை.

இரண்டரை சதவீதம் என்றால் அற்பம் என்று தோன்றும். சராசரியைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாது. 2023இல் எஸ்தோனியாவில் சுமார் 13 சதவீதம், கிரீஸில் 11க்கு மேல். ஜெர்மனியும் நெதர்லாந்தும் ஒரு சதவீதத்துக்கும் கீழே. பின்லாந்து, உலகமே மெச்சும் நலத்திட்ட நாடு, 2019இலேயே 5ஐ நெருங்கியிருந்தது. 2022இல் 6ஐத் தாண்டிவிட்டது. பணக்கார நாடு என்றால் டாக்டர் எளிதில் கிடைப்பார் என்ற கணக்கு இங்கேயே உடைகிறது.

ஆனால் இந்த எண்ணை அப்படியே நம்பி ஜெர்மனிக்கு டிக்கெட் போட வேண்டாம். இதில் சில ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, வகுக்கும் எண். மருத்துவமே தேவைப்படாத ஆரோக்கியமான ஆட்களையும் சேர்த்து வகுப்பதால் சதவீதம் சின்னதாகத் தெரிகிறது. தேவைப்பட்டவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் கூடிவிடும். யூரோஸ்டாட்டே இப்போது அப்படியும் ஒரு கணக்கு தருகிறது. கேள்வி கேட்கும் விதத்தை மாற்றினால் இன்னும் மாறும். ஐரோப்பிய நலவாழ்வு நேர்காணல் கணக்கெடுப்பு என்று இன்னொன்று சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கிறது. அது தேவைப்பட்டவர்களிடம் மட்டும், ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியாகக் கேட்கிறது, தாமதமாகக் கிடைத்ததையும் சேர்க்கிறது. அதன் 2014 சுற்றில் நாலில் ஒருவர் அளவுக்கு ஏதோ ஒரு தடையைச் சொன்னார்கள். ஒரே கண்டம், ஒரே காலம், கேள்வி மட்டும் வேறு.

கோவிட் காலத்தில் இந்த ஓட்டை இன்னும் பளிச்சென்று தெரிந்தது. 2020, 2021இல் சராசரி 2ஐ ஒட்டியே இருந்தது, ஏதோ எல்லாருக்கும் சிகிச்சை ஒழுங்காகக் கிடைத்ததுபோல. கொரோனாவால் ரத்தான அப்பாயின்ட்மென்ட் அந்த மூன்று காரணங்களுக்குள் ஒழுங்காக அடங்கவில்லை என்பதுதான் விஷயம். அதே நேரத்தில் ஒன்றியத்தின் இன்னொரு ஆய்வு அமைப்பான யூரோஃபவுண்ட் இணையம் வழியே கேட்டபோது ஐந்தில் ஒருவர் அளவுக்குச் சிகிச்சை தவறியதாகச் சொன்னார்கள்.

நம்மவர்களுக்கு முக்கியமானது இன்னொன்று. ‘தேவைப்பட்டும் கிடைக்கவில்லை’ என்பது எதிர்பார்ப்பைப் பொறுத்த பதில். சென்னையிலோ கோவையிலோ முதுகு வலித்தால் மாலையே எலும்பு டாக்டரைப் பார்க்கலாம், அவர் எழுதிக்கொடுத்த ஸ்கேனை ராத்திரி எட்டு மணிக்கு எடுத்துவிடலாம். பணம் கொடுக்கிறோம், உடனே நடக்கிறது. டச்சுக்காரருக்கு அதே முதுகு வலிக்குக் குடும்ப டாக்டர் பத்து நிமிடம் பார்த்து, பாரசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று சொன்னால் அது முறையான சிகிச்சை. கணக்கெடுப்பில் அவர் ‘கிடைத்தது’ என்று டிக் அடிப்பார். நம் ஆள் அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்து, தனக்கு வைத்தியமே பார்க்கவில்லை என்று ஊருக்கு போன் போடுவார். ஆகவே சதவீதத்தைப் பார்ப்பதோடு, ஒவ்வொரு நாட்டிலும் கதவு எந்த இடத்தில் மூடுகிறது, பணத்திலா வரிசையிலா, அந்தக் கதவுக்கு வெளியே நிற்கப்போவது உங்கள் வீட்டில் யார் என்று பார்ப்பதுதான் பயன்படும்.

ஜெர்மனியில் தொடங்குவோம். அங்கே பத்தில் ஒன்பது பேர் அளவுக்குச் சட்டப்படியான பொதுக் காப்பீட்டில் இருக்கிறார்கள். சம்பளத்தில் 14.6 சதவீதம், அதற்கு மேல் ஒவ்வொரு காப்பீட்டு நிதியும் வசூலிக்கும் கூடுதல் சதவீதம், இரண்டையும் நீங்களும் கம்பெனியும் பாதிப் பாதி கட்டுகிறீர்கள். தொகை பெரியதாகத் தெரியும், சம்பளப் பட்டியலைப் பார்த்து முதல் மாதம் எல்லாரும் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்தத் தொகைக்குள் வேலைக்குப் போகாத மனைவி அல்லது கணவன், எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் அத்தனை பேரும் தனிக்கட்டணம் இல்லாமல் சேர்ந்துவிடுகிறார்கள். டாக்டரைப் பார்க்கக் கையிலிருந்து எதுவும் தர வேண்டாம். 2004இல் காலாண்டுக்கு 10 யூரோ என்று ஒரு கட்டணம் கொண்டுவந்து பார்த்தார்கள், எரிச்சல்தான் மிச்சம் என்று 2012 முடிவில் எடுத்துவிட்டார்கள். மருந்துக்கு 5 முதல் 10 யூரோ, மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு 10 யூரோ, அதுவும் ஆண்டுக்கு 28 நாளுக்கு மேல் கிடையாது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதுவும் இல்லை.

பெரும்பாலான சிறப்பு மருத்துவர்களைக் குடும்ப டாக்டரின் கடிதம் இல்லாமலே நேரடியாகப் பார்க்கலாம் என்பதால் நம் பழக்கத்துக்கு மிக அருகில் வரும் நாடும் ஜெர்மனிதான். அப்புறம் எங்கே சிக்கல்? அப்பாயின்ட்மென்டில். தோல் டாக்டர், கண் டாக்டர் என்றால் பொதுக் காப்பீட்டுக்காரருக்கு மாதக்கணக்கில் தள்ளித் தேதி கொடுப்பது சாதாரணம். அதே கிளினிக்கில் தனியார் காப்பீட்டுக்காரருக்கு அடுத்த வாரமே தேதி கிடைக்கும். அவர் பெயரில் டாக்டருக்குக் கூடுதல் கட்டணம் வருகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். 116117 என்ற எண்ணில் அப்பாயின்ட்மென்ட் சேவை ஒன்று உண்டு. குடும்ப டாக்டர் அவசரம் என்று குறியீடு போட்டுக் கடிதம் கொடுத்தால் நான்கு வாரத்துக்குள் ஏதாவது ஒரு சிறப்பு மருத்துவரிடம் நேரம் பிடித்துத் தர வேண்டும். யாரிடம், எந்த ஊர்க் கோடியில் என்பது உங்கள் கையில் இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதைச் சொல்லாமல் தாண்ட முடியாது. சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் (2025க்கு ஆண்டுக்கு 73,800 யூரோ) பொதுக் காப்பீட்டை விட்டுத் தனியாருக்குப் போகலாம். புதிதாக வந்திறங்கிய, முப்பது வயது, நல்ல சம்பள ஐ.டி. ஆளைத் தேடி முகவர்கள் வருவார்கள். மாதம் பாதிப் பணம்தான், டாக்டர் உடனே கிடைப்பார் என்பார்கள். இரண்டும் உண்மை. சொல்லாமல் விடுவது: தனியாரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் தவணை, சம்பாதிக்காத துணைக்கும் தனித் தவணை, வயது ஏற ஏறத் தொகை ஏறும், பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவது கடினம், 55 வயதைத் தாண்டினால் கிட்டத்தட்ட முடியாது. தனி ஆளாகப் போய் மூன்று நான்கு ஆண்டில் திரும்பும் எண்ணம் இருப்பவர் வேண்டுமானால் யோசிக்கலாம். குடும்பஸ்தர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

நெதர்லாந்தில் கதை வேறு மாதிரி. 2006 சட்டத்துக்குப் பிறகு எல்லாரும் தனியார் காப்பீட்டு நிறுவனத்திடம்தான் அடிப்படைக் காப்பீடு வாங்க வேண்டும், நிறுவனம் யாரையும் மறுக்கவோ நோயைக் காட்டி விலை கூட்டவோ கூடாது. வந்து நான்கு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும், விட்ட நாட்களுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். 18 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் தனித் தவணை, 2025இல் மாதம் 150 யூரோவுக்குச் சற்று மேல். பிள்ளைகளுக்கு இலவசம். தவணைக்கு மேல் ஆண்டுக்கு முதல் 385 யூரோ செலவை நீங்களே ஏற்க வேண்டும். 2016 முதல் அந்தத் தொகை மாறவில்லை. குடும்ப டாக்டரைப் பார்ப்பது இந்தக் கணக்கில் வராது, ரத்தப் பரிசோதனையும் மருந்தும் சிறப்பு மருத்துவரும் வரும்.

எல்லாமே குடும்ப டாக்டர் வழியாகத்தான். அவர் கடிதம் தராமல் சிறப்பு மருத்துவர் இல்லை. சில நகரங்களில் குடும்ப டாக்டர்களே புதிய ஆட்களைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று பலகை மாட்டியிருப்பார்கள். வீடு பார்க்கும்போதே பக்கத்தில் எந்த கிளினிக் ஆள் எடுக்கிறது என்று கேட்டுவிடுவது நல்லது. நம் ஆட்கள் அதிகம் புலம்பும் நாடும் இதுதான். புலம்பலில் பாதி நியாயம், பாதி பழக்கதோஷம். ஆன்டிபயாடிக் கேட்டவுடன் எழுதிக்கொடுக்காத டாக்டர் கெட்ட டாக்டர் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இந்த நாட்டை மெச்ச வேண்டும்: பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்தவுடன் முதல் எட்டு நாள் அளவுக்குப் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் தினமும் வீட்டுக்கே வந்து, தாயையும் குழந்தையையும் கவனித்து, குளிப்பாட்டக் கற்றுக்கொடுத்து, பால் கொடுப்பதில் உதவி, மூத்த பிள்ளையையும் பார்த்துக்கொள்கிறார். அடிப்படைக் காப்பீட்டிலேயே இது அடக்கம், மணிக்குச் சிறு தொகை மட்டும் நீங்கள் தர வேண்டும். பிரசவத்துக்கு அம்மாவுக்கு விசா கிடைக்குமா என்று தவிக்கும் வீடுகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

பின்லாந்துதான் இந்தப் பட்டியலிலேயே படிக்கச் சுவாரசியமானது. தலைப்பு எண்ணை மட்டும் பார்த்தால் போகவே கூடாது என்று தோன்றும். ஆனால் வேலைக்குப் போகிறவருக்கு அங்கே டாக்டர் அநேகமாக அன்றே கிடைப்பார். காரணம், தொழில்வழி மருத்துவம். ஊழியர்களின் நோய்த்தடுப்புப் பரிசோதனைக்கு முதலாளி ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலான கம்பெனிகள் அதற்கு மேலே போய்ப் பொது மருத்துவரையும் சேர்த்துக்கொடுக்கின்றன. செலவில் ஒரு பகுதியை அரசின் சமூகக் காப்பீட்டு அமைப்பான கேலா திருப்பித் தருகிறது. ஊழியர் ஆப்பில் நேரம் பதிவு செய்து, தனியார் கிளினிக்கில் டாக்டரைப் பார்த்து, பைசா கட்டாமல் வெளியே வருகிறார். அவருடைய மனைவி? அவர் பொதுச் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். வேலை இழந்தவர், ஓய்வு பெற்றவர் எல்லாரும் அதே வரிசையில். தலைப்பு எண்ணை ஏற்றுவது அந்த வரிசைதான். இந்தத் தொழில்வழி மருத்துவம் வசதியான வேலை கொடுத்து டாக்டர்களையும் இழுத்துக்கொள்வதால் பொது நிலையத்தில் ஆள் பற்றாக்குறை தீர்வதும் இல்லை.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2023 ஜனவரியில் மருத்துவப் பொறுப்பை நூற்றுக்கணக்கான நகராட்சிகளிடமிருந்து எடுத்து 21 நல்வாழ்வு வட்டாரங்களிடம் கொடுத்தார்கள், ஹெல்சின்கி மட்டும் தன் பொறுப்பைத் தானே வைத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில், அவசரமில்லாத தேவைக்கும் 14 நாளுக்குள் பார்க்க வேண்டும் என்ற உத்தரவாதம் வந்தது. கையில் பணமில்லாமல் 2025 தொடக்கத்தில் அதைத் தளர்த்தி, பெரியவர்களுக்கு மறுபடி மூன்று மாதம் ஆக்கிவிட்டார்கள். 23 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் 14 நாள் நீடிக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கும் உள்ள இலவசப் பரிசோதனை நிலையங்கள் இந்த வரிசைக்கு வெளியே, மிக நன்றாக நடக்கின்றன. ஆகப் பின்லாந்தில் தேங்கி நிற்பது ஒரு குறிப்பிட்ட ஆள்: வேலையில்லாத, கர்ப்பமில்லாத, தைராய்டோ சர்க்கரையோ உள்ள, 23 வயதைக் கடந்தவர். துணைவர் விசாவில் போகும் எத்தனை பேருக்கு இந்த வர்ணனை பொருந்தும் என்று எண்ணிப்பாருங்கள்.

எஸ்தோனியா பக்கத்து ஊர். தாலினில் ஸ்டார்ட்அப் வேலைகள் கிடைப்பதால் இப்போது பெயர் அடிபடுகிறது. அங்கே குடும்ப டாக்டர் இலவசம், மருந்துச் சீட்டு உட்படப் பாதி வேலையை டிஜிட்டலில் முடித்துவிடலாம். ஆனால் சிறப்பு மருத்துவருக்கு வரிசையோ வரிசை. 2019இல் தலைப்பு எண் 15 சதவீதத்தை ஒட்டி இருந்தது, அநேகமாக முழுவதும் காத்திருப்பால். அதோடு, முதலாளி கட்டும் சமூக வரி ஊழியரைத்தான் காப்பீட்டுக்குள் கொண்டுவரும். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தை வளர்ப்பவருக்கும் வழி உண்டு. மற்றபடி வேலைக்குப் போகாத துணை தானாக உள்ளே வரமாட்டார். கல்யாணமாகாத இளைஞருக்குச் சரி. குடும்பத்தோடு என்றால் முதலில் இந்த ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

போலந்தின் போக்கு நல்ல திசையில் போயிருக்கிறது. 2012இல் 9 சதவீதம் அளவில் இருந்தது 2019க்குள் பாதிக்கும் கீழே வந்தது. இருந்தாலும் ஒன்றியச் சராசரியைவிடக் கூடுதல்தான். சம்பளத்தில் 9 சதவீதம் மருத்துவத்துக்குப் பிடிப்பார்கள், துணையையும் பிள்ளைகளையும் கூடுதல் செலவில்லாமல் பதிவு செய்துகொள்ளலாம் (கம்பெனி படிவம் அனுப்பியதா என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டும், பல பேர் இதில் கோட்டை விடுகிறார்கள்). சிறப்பு மருத்துவருக்குப் பொது வரிசை மிக நீளம். ஆனால் க்ராகோவ், வ்ரோட்ஸ்வாஃப் பக்கம் ஐ.டி. கம்பெனிகள் தனியார் கிளினிக் சந்தா ஒன்றைச் சலுகையாகத் தருவது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. மாதம் சிறு தொகை சேர்த்துக் கட்டினால் குடும்பத்துக்கும் எடுக்கலாம். பின்லாந்தோடு வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இதுதான். வெளிநோயாளி சிகிச்சைக்குத்தான் இந்தச் சந்தா உதவும். பெரிய ஆபரேஷன், புற்றுநோய் என்று வந்தால் பொது மருத்துவமனைதான்.

அயர்லாந்துக்குப் போகும் இந்தியச் செவிலியர்கள் ஏராளம், ஆனால் மருத்துவ ஊழியராக இருப்பது வேறு, நோயாளியாக இருப்பது வேறு. குடும்ப டாக்டரைப் பார்க்கவே பெரும்பாலோர் காசு கொடுக்கும் நாடு இது, ஒரு தடவைக்கு 50 முதல் 70 யூரோ. 8 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் இலவசம், குறைந்த வருமானக்காரர்களுக்கு அட்டை உண்டு, 2023இல் அந்த வருமான வரம்பை நன்றாக உயர்த்தினார்கள். டாக்டர் கடிதம் இல்லாமல் அவசரப் பிரிவுக்குப் போனால் 100 யூரோ. மருத்துவமனையில் தங்கும் கட்டணத்தை 2023 ஏப்ரலில் நீக்கியது நல்ல செய்தி. பொது மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரை முதல் முறை பார்க்கக் காத்திருப்பவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல், மொத்த மக்கள்தொகையே ஐம்பது லட்சத்தைச் சற்றுத் தாண்டிய நாட்டில். கிட்டத்தட்டப் பாதிப் பேர் தனியார் காப்பீடும் வைத்திருப்பதன் காரணம் அதுதான். கம்பெனி குடும்பம் முழுவதற்கும் அந்தக் காப்பீடு தந்தால் அயர்லாந்து நல்ல தேர்வு. தராவிட்டால் அந்தத் தொகையைச் சம்பளத்திலிருந்து கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

பிரிட்டன் இந்தக் கணக்கிலிருந்து பிரெக்ஸிட்டோடு விலகிவிட்டது. அங்கே வேலைக்குப் போகும் பெரும்பாலோர் விசாவுடனே ஆளுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டுகிறார்கள், பிள்ளைகளுக்கு 776. மருத்துவ ஊழியர் விசாவுக்கு விலக்கு உண்டு. கட்டிவிட்டு நிற்கும் வரிசையும் குறைவில்லை: இங்கிலாந்தின் காத்திருப்புப் பட்டியல் 2023 செப்டம்பரில் 77 லட்சத்தைத் தொட்டது.

கிரீஸுக்கும் சைப்ரஸுக்கும் நம்மவர்கள் பெரிய அளவில் போவதில்லை என்றாலும், இந்த எண் எதனால் ஏறும் எதனால் இறங்கும் என்று காட்ட இந்த இரண்டைப்போல நல்ல ஜோடி கிடையாது. கிரீஸில் நெருக்கடி வந்தபோது வேலை போனவர்களுக்குக் காப்பீடும் சேர்ந்து போனது. காப்பீடு இல்லாதவர்களுக்குப் பொது மருத்துவத்தை முழுதாகத் திறந்துவிட்டது 2016 சட்டம். அதே ஆண்டு எண் 13ஐத் தொட்டிருந்தது. சட்டம் வந்தபின் சில ஆண்டு இறங்கியது, ஆனால் நிலைக்கவில்லை, 2023இல் மறுபடி 11ஐத் தாண்டிவிட்டது. மொத்த மருத்துவச் செலவில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மக்களின் கைக்காசு, சர்ஜனுக்குக் கவரில் வைத்துக் கொடுக்கும் பழக்கம் உட்பட. சைப்ரஸ் 2019 ஜூனில் ஒரே தேசியக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. பெரும்பாலான தனியார் டாக்டர்களையும் உள்ளே இழுத்து, ஆண்டுக்கு ஒருவர் கட்ட வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு வைத்தார்கள். இரண்டு மூன்று ஆண்டில் எண் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிட்டது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? ஒருவர் மட்டும் சம்பாதிக்க, துணைக்கு வேலை கிடைக்க ஓரிரு ஆண்டு ஆகும் என்ற நிலையில், பள்ளிப் பிள்ளைகளும் வீட்டில் ஒருவருக்குத் தொடர் மருந்தும் இருந்தால், நான் ஜெர்மனியைச் சொல்வேன், அதுவும் பொதுக் காப்பீட்டோடு. இருவரும் சம்பாதித்து, பெரிய நோய் இல்லாமல், குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் நெதர்லாந்து. பின்லாந்தில் இருவருக்குமே வேலை உறுதி என்றால் தலைப்பு எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒருவருக்குத்தான் என்றால் பயப்படலாம். போலந்தும் அயர்லாந்தும் நாட்டைவிடக் கம்பெனியைப் பொறுத்தவை. ஆகவே எச்.ஆரிடம் கேட்கும்போது ‘மெடிக்கல் உண்டா’ என்று பொதுவாகக் கேட்டால் ‘உண்டு’ என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: என் துணை முதல் நாளிலிருந்தே உள்ளே வருவாரா, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டா, சிறப்பு மருத்துவர் அடக்கமா, வேலை போனால் எத்தனை நாள் நீடிக்கும்.

பெற்றோரை அழைத்துப் போவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: சுற்றுலா விசாவில் வருகிறவர்கள் எந்த நாட்டின் பொது முறைக்குள்ளும் வரமாட்டார்கள். பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புக்குப் பயணக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும், அதில் பழைய நோய்களுக்குப் பொதுவாக இடம் இல்லை. அப்பாவுக்கு இதய நோய் இருந்தால் அவர் வந்து தங்கும் மூன்று மாதமும் உங்கள் பொறுப்பு.

கடைசியாகப் பல். பல நாடுகளில் பல் வைத்தியம் கிடைக்காதவர்கள் விகிதம் மற்ற மருத்துவத்தைவிடக் கூடுதல், காரணம் பெரும்பாலும் பணம்தான். மருத்துவத்தில் உலகப் பெயர் வாங்கிய ஸ்பெயினின் பொது முறையில்கூடப் பெரியவர்களுக்குப் பல் பிடுங்குவதைத் தாண்டி அதிகம் கிடைக்காது. நெதர்லாந்தின் அடிப்படைக் காப்பீட்டில் பெரியவர்களின் பல் சேராது, தனியாக வாங்க வேண்டும். ஜெர்மனியில் சாதாரண அடைப்பு அடக்கம், கேப் போட்டால் கணிசமாகக் கைக்காசு போகும், ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போன பதிவு இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். விசா வரக் காத்திருக்கும் ஓரிரு மாதத்தில் ஊரிலேயே பல் டாக்டரிடம் போய், தள்ளிப்போட்டு வைத்த ரூட் கெனாலையும் கேப்பையும் முடித்துக்கொள்ளுங்கள். அப்படியே தொடர் மருந்து சாப்பிடுகிறவர் இரண்டு மூன்று மாதத்துக்கானதையும், பிராண்ட் பெயரில் இல்லாமல் மருந்தின் பொதுப் பெயரில் டாக்டர் எழுதிய ஆங்கிலச் சீட்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் பிராண்ட் பெயரைச் சொன்னால் அங்கே மருந்துக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியாது.